சாய்மானம் இல்லாத பெஞ்சு

எங்கள் கோவிலில் ஒருத்தி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும், அவளைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டாம். முன்னால் மூன்று பெஞ்சு கல்யாணமாகாத பெண்களுக்கு. அதற்குப் பின்னால் ஏழு பெஞ்சு புருஷன் உள்ளவர்களுக்கு. வடக்குச் சுவரோரம், மூக்குப் போன பரிசுத்தவான் கிறிஸ்தோபர் ஓவியத்துக்குக் கீழே இரண்டு பெஞ்சு விதவைகளுக்கு. ஆண்களில் பெண்டாட்டி உள்ளவர்கள் கீழே தெற்குச் சுவரோரம். பெண்டாட்டியை இழந்தவர்கள் மேலே மரமாடத்தில். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது அழித்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். ஆண்களின் இருக்கைகளுக்கு முதுகுப் பலகை உண்டு. தோள்வரை உயரம், அதில் துலிப் பூவும் திராட்சைக் கொடியும் தீட்டியிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சுகளுக்கு அது கிடையாது, வெறும் பலகைதான். சாய்ந்தால் மேலங்கியின் மடிப்பு கசங்கிவிடுமாம். நானூறு வருஷமாக நாங்கள் மடிப்பைக் காப்பாற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோம், அவர்கள் சாய்ந்து தூங்குகிறார்கள். கேட்டால் தியானமாம். குறட்டையோடு தியானம் செய்கிற ஒருவரைத்தான் ஆண்டவர் எனக்கும் கொடுத்திருக்கிறார்.

அவர் பெயர் சீமோன், லின்டன்பாக் கோவிலில் மணி அடிப்பவர். நான் ஆக்னெட்டா. கோவிலைச் சுற்றி நிற்கும் கோட்டை மதிலுக்குள்ளேயே எங்கள் வீடு. சாவிக்கொத்து என் இடுப்பில் இருப்பதால் கதவுப் பக்கம் கடைசி பெஞ்சு எனக்கு. அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய பிடரியும் தெரியும். முகத்தைவிடப் பிடரி அதிகம் பேசும் என்பது என் அனுபவம்.

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. மூன்றாம் மணியும் அடித்து முடிந்து, எல்லோரும் எழுந்து நின்று முதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். அப்போது ரோசினா உள்ளே ஓடி வந்தாள். நாற்பத்தொரு வயது, விதவையாகி ஆறு வருஷம். விடியற்காலையிலிருந்து அவள் பசு கன்று போட முடியாமல் கத்தியது எங்கள் மதில்வரை கேட்டிருந்தது. அவசரமாகக் கை கழுவிவிட்டு வந்திருக்கிறாள், பின்னலில் ஒரு வைக்கோல் அப்படியே தொங்கியது. தலையைக் குனிந்தபடி நடு வழியில் வேகமாக நடந்தாள். சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே போய், புருஷன் உள்ளவர்களின் மூன்றாவது பெஞ்சில் தூணோரமாக நுழைந்து நின்றாள்.

அது அவளுடைய பழைய இடம். பதினான்கு வருஷம் உட்கார்ந்த இடம். இப்போது அது புதிதாகக் கல்யாணமான ஹன்னியின் இடம், ஆனால் ஹன்னிக்குப் பிள்ளை பிறந்து ஆறு வாரம் ஆகவில்லை, அவள் கோவிலுக்கு வர முடியாது. இடம் காலியாக இருந்தது. பழகின கால்கள் போய்விட்டன.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோதுதான் ரோசினாவுக்கு விளங்கியது. அவளுடைய பிடரி காதிலிருந்து கழுத்துவரை சிவந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். நடுவில் எழுந்து போகவும் முடியாது, அது இன்னும் கேவலம்.

வேற்றூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்களுக்குத் தெரியும். விதவை பெஞ்சை விட்டு ஒருத்தி நடு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தால், அவளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது என்று அர்த்தம். போதகர் கல்யாண அறிவிப்பு வாசிப்பதற்கு முந்தின ஞாயிறு அப்படித்தான் செய்வார்கள். அவள் எழுந்து வந்து உட்காருவாள், அந்த ஆளும் மாடத்தை விட்டு இறங்கிக் கீழே உட்காருவான். ஆக, ரோசினா உட்கார்ந்த உடனே நூற்றறுபது தலைகள் மாடத்தை நோக்கித் திரும்பின. எவன் என்று தெரிய வேண்டுமே.

மாடத்தில் ஐந்து பேர். மூன்று பேர் சிவந்தார்கள். சக்கரம் செய்கிற மெர்ட்டன் சிவந்தான். மாவு மில்லுக்காரர் தும்மஸ் சிவந்தார், சிவந்ததோடு மீசையையும் தடவிக்கொண்டார். எழுபத்தெட்டு வயது கியர்க் கிழவரும் சிவந்தார். காது கேட்காத மனிதர், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கால்சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் நான் கொழுப்புக் கோபுரத்தைத் திறந்தேன். மதிலின் மேற்கு மூலையில் உள்ள கோபுரம் அது. கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் ஊரில் எல்லா வீட்டுப் பன்றிக்கொழுப்புப் பாளங்களும் அங்கேதான் தொங்கும். வீட்டுக்கு ஓர் ஆணி. ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் திறப்பேன். அவரவர் வந்து அந்த வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்வார்கள், வெட்டின ஓரத்தில் நான் முத்திரை குத்துவேன். அடுத்தவன் பாளத்தில் எவனும் கை வைக்கக் கூடாது, அதற்கு.

இந்தக் கோபுரத்தில்தான் மெர்ட்டனின் ரகசியத்தை நான் மூன்று வருஷமாகப் பார்த்துவருகிறேன். அவன் என் கணவரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. மற்றவர்கள் வந்தோமா வெட்டினோமா என்று போவார்கள். இவன் மட்டும் வாசலில் நின்று கத்தி தீட்டுவான். ரோசினா வரும்வரை தீட்டுவான். அவள் வந்து வெட்டிக்கொண்டு போனபின் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே வருவான். அந்தக் கத்தி தேய்ந்து தேய்ந்து இப்போது ஊசி மாதிரி ஆகிவிட்டது. வாயிலிருந்து ஒரு வார்த்தை உதிரவில்லை.

அன்று அவன் வரவே இல்லை. தும்மஸ் வந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னண்ணே, சொல்லவே இல்லையே. உள்ளுக்குள்ளயே வெச்சு மாவரைச்சீங்களா?"

தும்மஸ் இல்லை என்று சொல்லவில்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு இளித்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு உடம்பிலேயே கொழுப்பு நிறைய, எதற்குக் கோபுரத்துக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எல்லோரும் போனபின் ரோசினா வந்தாள். கத்தியைக்கூட எடுக்கவில்லை.

"அக்கா, நான் செத்தேன்."

"கன்னு நல்லாருக்கா?"

"கன்னு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் நல்லால்ல. காலு போயிருச்சுக்கா. சத்தியமா காலுதான் போச்சு, நான் போகல."

"அது எனக்குத் தெரியும்டி. அடுத்த ஞாயித்துக்கெழம எங்க உக்காரப் போற?"

அதுதான் கேள்வி. நடு பெஞ்சுக்கு வந்தவள் மறுபடியும் விதவை பெஞ்சுக்குப் போனால், ஆள் கைவிட்டுவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். என் நினைவில் ஒருத்தி அப்படித் திரும்பிப் போனாள். நாலு ஞாயிறு தாங்கினாள், அப்புறம் மகள் ஊருக்கே போய்விட்டாள். சாகும்வரை இந்தப் பக்கம் வரவில்லை.

"திரும்பிப் போனா சிரிப்பாங்க. அங்கயே உக்காந்தா மில்லுக்காரன்னு ஆயிரும்" என்றாள் ரோசினா. "அந்தாளோட ஒரு வேள சாப்பாடுகூட என்னால சாப்ட முடியாதுக்கா. மெல்லுற சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும்."

"வேற யாரா இருந்தா பரவால்ல?"

அவள் தன் ஆணியைப் பார்த்தாள். அதற்கு அடுத்த ஆணியையும் பார்த்தாள். அடுத்தது மெர்ட்டனுடையது.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"வேதத்து மேல சத்தியம் பண்ணுங்க."

வேதப்புத்தகம் கையில் இல்லை. முத்திரைக் கட்டையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதில் கோவில் படம் இருக்கிறது, அதனால் செல்லும். அவள் சொன்னாள். இரண்டே வார்த்தை, பெயரும் "தான்" என்பதும். சொல்லிவிட்டு அழுதாள், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை மெர்ட்டன் கோவிலுக்கு வந்தான். பீடத்துக்கு மேலே நிற்கும் பெரிய மர அலமாரியின் இடது கதவில் கீல் தேய்ந்து போயிருந்தது. வருஷம் முழுக்க மூடிக் கிடக்கும், அழுமூஞ்சிப் பரிசுத்தவான்கள் நாலு பேர் வெளிப்பக்கத்தில் நிற்பார்கள். பண்டிகைக்குக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் தங்கம். எங்கள் முன்னோர்கள் கத்தோலிக்கத்தை விட்டு லுத்தர் பக்கம் வந்தபோது மற்ற சிலைகளையெல்லாம் இறக்கிவிட்டார்கள், இதன்மேல் மட்டும் யாருக்கும் கோடரி ஓங்க மனம் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். மேலே அவன் ஆணியைப் பல்லில் கடித்தபடி இருந்தான்.

"மதினி, மில்லுக்காரருக்கு நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லிருங்க."

"எதுக்கு? மில்லு இடிஞ்சு விழுந்துருச்சா?"

"வெளயாடாதீங்க. ஊரே பேசுது."

"ஊரு பேசும். நீ பேசமாட்ட. அந்தப் பக்கம் பாரு கொழுந்தனாரே, போதகர் அங்கி மாத்துற சேக்ரிஸ்டி கதவுப் பூட்டு. ஒரு சாவி திருப்புனா பதினோரு தாழ்ப்பாளும் ஒண்ணாத் தொறக்கும். நீ மூணு வருஷமாக் கத்தி தீட்டுற, ஒரு தாழ்ப்பாள்கூட அசையல."

சுத்தியல் நின்றது.

"அவதான் முடிவு பண்ணிட்டாளே மதினி. எல்லார் முன்னாடியும் வந்து உக்காந்துட்டாளே."

"அவ முடிவு பண்ணல. அவ காலு பண்ணுச்சு. ராத்திரி தூக்கம் கெட்டு, கன்ன இழுத்துப் போட்டுட்டு ஓடி வந்தவ, பழைய எடத்துல போய் நின்னுட்டா. மில்லுக்காரனும் இல்ல, மண்ணும் இல்ல."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தங்க அலமாரி திறந்த மாதிரி. உடனே அது அணைந்தும் போனது.

"அப்ப ஞாயித்துக்கெழம திரும்பவும் செவத்தோரம் போய்ருவா."

"போவா. போனா என்ன சொல்லுவாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். அவன் ஏணிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே கேட்டான்.

"மதினி, அவளுக்கு என்னைப் பிடிக்குமா?"

"அதச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றேன்.

நான் சத்தியத்தை மீறவில்லை. இன்றுவரை சொல்கிறேன், மீறவே இல்லை. ரோசினா சொன்ன இரண்டு வார்த்தையில் ஒரு வார்த்தையைக்கூட என் வாய் சொல்லவில்லை. மெர்ட்டன் சுத்தியலை ஏணியிலேயே விட்டுவிட்டுப் போனான். கீல் பாதியில் நின்றது. மீதியைச் சீமோனை வைத்து நான்தான் முடித்தேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காத்திருந்தேன், அவன் ரோசினா வீட்டுப் பக்கம் போவான் என்று. போகவில்லை. அவள் வீட்டு வேலிக்கு முன்னால் ஒரு வண்டிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மூன்று முறை போனான், மூன்று முறை வந்தான் என்று கேள்விப்பட்டேன். சக்கரத்துக்கே தலை சுற்றியிருக்கும்.

சனிக்கிழமை பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிர்ச் கிளைகளை வெட்டி வந்து பெஞ்சு முனைகளில் கட்டினோம். ரோசினாவும் வந்தாள், தலை நிமிரவில்லை. மற்றவர்கள் போனபின் என்னிடம் சொன்னாள்.

"நான் முடிவு பண்ணிட்டேன்கா. செவத்தோரமே போறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆண்டவர் முன்னாடி பொய்யா உக்கார முடியாது."

நான் அவளைத் தடுக்கவில்லை. சொன்னது நியாயம். ஆனால் அன்று முட்டைக்கோஸ் சட்டியை மேசையில் ஓங்கி வைத்தேன். மெர்ட்டனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன், சீமோன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து விறகு உடைக்கப் போய்விட்டார்.

பண்டிகை வந்தது. அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்து நின்றது, காலை வெயில் அதில் பட்டு மேல்வளைவு வரை மஞ்சளாக அடித்தது. பிர்ச் இலை வாசம். கோவிலில் நிற்க இடமில்லை. அக்கம்பக்கத்து மாட்டுப் பட்டிகளில் வேலை செய்கிறவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

ரோசினா முன்னதாகவே வந்தாள். நடு வழியில் பாதி தூரம் நடந்தாள், திரும்பினாள், கிறிஸ்தோபர் ஓவியத்துக்குக் கீழே போய் நின்றாள். பேச்சு நின்றுவிட்டது. மாடத்தில் தும்மஸின் மீசை தொங்கியது கீழிருந்தே தெரிந்தது.

விதவை பெஞ்சின் முதல் இடம் ஸாராவுடையது. அறுபது வயது, நாக்கு அரிவாள். அவள் ரோசினாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் மேலங்கியை இரண்டு பக்கமும் விரித்து, அகலமாக உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் விரித்தாள். அதற்கு அடுத்தவளும்.

"எடம் இல்ல" என்றாள் ஸாரா.

"நாந்தான் இங்க எப்பவும்…"

"விட்டுட்டுப் போன எடத்துக்குத் திரும்பி வர்ற பழக்கம் எங்ககிட்ட கெடையாது. நாங்க ஒன்ன வழியனுப்பி ஒரு வாரமாச்சு. மொகத்துல கொஞ்சம் ரத்தம் வந்துருக்கு, அதக் கொண்டுவந்து இங்க காய வெக்கப் போறியா? போ, போய் ஒன் எடத்துல உக்காரு. பாட்டு ஆரம்பிக்கப் போகுது."

ஸாராவை எனக்கு ஜன்மத்தில் பிடித்ததில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு என் ஆணியிலிருந்து ஒரு முழுப் பாளத்தைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் கொடுக்கவில்லை, அது வேறு.

ஆர்கன் தொடங்கிவிட்டது. ரோசினாவுக்கு நிற்க வேறு இடம் கிடையாது. மூன்றாவது பெஞ்சின் தூணோரத்துக்குப் போய் நின்றாள். பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். நான் மாடத்தைப் பார்த்தேன். தும்மஸ் இருந்தார், கியர்க் கிழவர் இருந்தார். மெர்ட்டனின் இடம் காலி.

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. ஓடிவிட்டான், கோழை. சக்கரத்தை உருட்டிக்கொண்டு காட்டுக்கே போயிருப்பான்.

இரண்டாவது சரணத்தில் மாடத்துப் படிக்கட்டு கிரீச்சிட்டது. அந்தப் படி யார் இறங்கினாலும் கத்தும், எத்தனை எண்ணெய் விட்டாலும் கத்தும். மெர்ட்டன் படிக்கட்டின் வளைவில்தான் இத்தனை நேரமும் நின்றிருக்கிறான். வெள்ளைவெளேர் என்ற சட்டை, தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. நேரே தெற்குச் சுவரோரம், பெண்டாட்டி உள்ளவர்களின் வரிசைக்கு நடந்தான். பாட்டில் பாதிப் பேர் வாயை மூடிவிட்டார்கள். ஆர்கன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வரிசையில் இடம் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொருவன் உட்காருகிறான். பண்டிகைக் கூட்டம் வேறு. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, எங்கும் தோளோடு தோள். மூன்று வருஷம் யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை. பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். போதகர் பிரசங்க மேடையில் ஏறி மணற்கடிகாரத்தைத் திருப்பி வைக்கப் போனார். கோவில் முழுக்க நின்றுகொண்டிருந்தது மெர்ட்டன் ஒருவன்தான்.

திரும்ப மாடத்துக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். என் கால் தானாக எழுந்தது, போய்ப் பிடித்து நிறுத்தலாமா என்று. அப்போது ரோசினா, தலையைத் திருப்பாமல், பக்கத்தில் இருந்தவளை நெருக்கிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தாள். தூணுக்கும் அவளுக்கும் நடுவில் வெறும் பலகை தெரிந்தது.

மெர்ட்டன் வந்து உட்கார்ந்தான். பெண்கள் பெஞ்சில்.

இந்தக் கோவிலைக் கட்டின நாளிலிருந்து அங்கே ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்ததில்லை. யாரும் மூச்சு விடவில்லை. மெர்ட்டன் விட்டான். கரை சேர்ந்துவிட்டோம் என்று பெரிதாக ஒரு மூச்சு விட்டு, இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்த உடனே என்ன செய்வானோ அதையே செய்தான். சாய்ந்தான்.

பின்னால் ஒன்றும் இல்லை. இரண்டு காலும் மேலே எழுந்தன. ரோசினாவின் வலது கை அவன் முதுகுக்குப் பின்னால் போய்த் தாங்கிப் பிடித்தது. கன்றை இழுத்துப் போட்ட கை, பலமான கை.

முதலில் சிரித்தது ஸாரா. அப்புறம் கோவிலே சிரித்தது. தும்மஸ்கூடச் சிரித்தார். என்ன நடந்தது என்று தெரியாமல் கியர்க் கிழவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். போதகர் மணற்கடிகாரத்தைக் கையில் வைத்தபடி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு எட்டிப் பார்த்து, பிரசங்கக் குரலை விட்டுவிட்டு, வீட்டுக் குரலில் கேட்டார்.

"என்ன மெர்ட்டன், அறிவிப்ப இன்னிக்கே வாசிச்சிரலாமா?"

மெர்ட்டன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அய்யா, நான் இன்னும் அவகிட்ட கேக்கவே இல்லீங்களே."

எல்லாத் தலைகளும் ரோசினா பக்கம் திரும்பின. ரோசினா இன்னும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள், முன்னால் இருந்த தங்கத்தைப் பார்த்தபடி. கை மட்டும் அவன் முதுகில் இருந்தது.

"கைய எடுத்தா விழுந்துருவாரு அய்யா" என்றாள். "வாசிச்சிருங்க."

அவர் வாசித்தார்.